நிறுத்திவைத்த விசிறி

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. எங்கே போனாலும் காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு அந்தப் பக்கத்தை அடைப்பார்கள். பஸ்ஸில் ஜன்னல், கல்யாண மண்டபத்தில் கதவு, ஆஸ்பத்திரி வார்டில்கூட விடமாட்டார்கள். பிள்ளைகளுக்குச் சளி, தடிமன் பிடித்துவிடுமாம். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற எனக்கு இதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். ஆனால் கமலநாயகி அக்காவிடம் யார் வாய் கொடுப்பது?

ஜெர்மனியில் எங்கள் ஹம் நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகளை ஐஸில் ஏற்றியவர் அவர்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். பக்கத்து ஊர் ஐஸ் சறுக்கு மண்டபத்துக்காரரோடு மல்லுக்கட்டி, சனிக்கிழமை மத்தியானத்தில் எங்களுக்கென்று ஒரு நேரம் வாங்கித் தந்தார். கலைவிழாவுக்குப் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டே ஆடுவதாக ஏற்பாடு. என் மகள் தர்மிகா நடுவில் நின்று சுழல வேண்டும். பதினொரு வயது, வாய் என்னைப்போல. புதன்கிழமைகளில் ஜெர்மன் பிள்ளைகளோடு பயிற்சி, சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளோடு ஒத்திகை.

அந்த மண்டபத்தின் சுவரில் உயரத்தில் ஒரு பெரிய விசிறி உண்டு. உள்ளே இருக்கிற காற்றை இழுத்து வெளியே தள்ளும். அது ஓடினால் கதவிடுக்குகளால் வெளிக்குளிர் விர்ரென்று புகுந்து, வாங்குப் பலகைகளில் குந்தியிருக்கிற தாய்மாரின் முதுகில்தான் முதலில் ஏறும். கமலநாயகி அக்கா இரண்டு சனிக்கிழமை பொறுத்தார். மூன்றாவது சனிக்கிழமை சோதிலிங்கம் அண்ணையைக் கூப்பிட்டார்.

சோதிலிங்கம் அண்ணை அங்கே ஐஸ் மெஷின் ஓட்டுகிறவர். ஐஸைச் சுரண்டி, சுடுதண்ணீர் விட்டு, கண்ணாடி மாதிரி ஆக்குகிற வண்டி அது. எரிவாயுவில் ஓடுகிற பழைய வண்டி. சனிக்கிழமைகளில் ஜெர்மன் பொறுப்பாளருக்கு லீவு, மண்டபம் முழுக்க அண்ணையின் பொறுப்பு. விசிறியை நிறுத்தச் சொல்லி அந்தப் பொறுப்பாளரைக் கேட்டிருந்தால் முகத்திலே அடித்த மாதிரி முடியாது என்றிருப்பார். சோதிலிங்கம் அண்ணைக்கு அந்த வார்த்தை வராது. அதுவும் ஒரு அக்கா, தேத்தண்ணியும் வடையும் கையில் தந்துவிட்டுக் கேட்டால் எப்படி வரும்?

அன்றைக்கு நான் வேலையில் நின்றேன். அக்காவே பிறகு ரெலிபோனில் பெருமையாகச் சொன்னார்.

"ஒரு சொல்லுத்தான் சொன்னனான், நிரஞ்சனா. மனிசன் உடனை ஃபானை நிப்பாட்டிப்போட்டுது. எங்கடை ஆள் எண்டால் எங்கடை ஆள்தான்."

பிள்ளை நடுங்காமல் ஆடும், நல்லதாய்ப் போயிற்று என்று அந்த நேரம் நானும் நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் தர்மிகா சனிக்கிழமைகளில் தலையிடியோடு வரத் தொடங்கினாள். சாப்பாடு வேண்டாம் என்பாள், சோபாவில் சுருண்டு படுப்பாள். காய்ச்சல் இல்லை. ஒருநாள் அக்காவின் காருக்குள்ளேயே சத்தி எடுத்துவிட்டாள். மற்றப் பிள்ளைகளுக்கும் தலையிடி என்று கேள்வி. வைத்தியரைப் பார்க்கிற நேரம், இங்கே டெர்மின் என்பார்கள், அடுத்த கிழமைக்குத்தான் கிடைத்தது. அக்காவுக்கோ டெர்மின் தேவைப்படவில்லை.

"வட்சப்பிலை வீடியோ போட்டனாங்கள் எல்லே? கனடா, லண்டன் எல்லாம் பாத்துக் கண் வைச்சிட்டுதுகள். நடுவிலை நிக்கிற பிள்ளைக்குத்தானே கூடப் படும். செத்தல் மிளகாயை எடுத்து நாவூறு கழி."

விழாவுக்கு முந்திய கடைசி ஒத்திகை வந்தது. அன்றைக்கு எனக்கு வேலை இல்லை. மகள் கதவடியில் சறுக்குச் சப்பாத்துப் பையோடு நிற்க, நான் உப்பும் கடுகும் செத்தல் மிளகாயும் கையில் எடுத்துத் தலையைச் சுற்றினேன்.

"அம்மா, ஆரும் கண்டால் சிரிப்பினம். நீங்கள் வேலையிலை கிழவர்களுக்கும் இதுதான் செய்யிறனீங்களோ?"

"வாயை மூடிக்கொண்டு நில். மூண்டு தரம் துப்பு."

துப்பினாள், சிரித்தாள், அக்காவின் கார் ஹோர்ன் அடித்ததும் படியால் இறங்கி ஓடினாள். நான் வீட்டு வேலைகளை முடித்து, ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் தாச்சியை அடுப்பில் வைத்து எல்லாவற்றையும் அதில் கொட்டினேன். மிளகாய் கருகியும் கமறாவிட்டால் நாவூறு உண்மை என்பார்கள். எங்கே கமறாமல் விட்டது? தொண்டை எரிந்து, கண் எரிந்து, தலைக்கு மேலே இருந்த புகை எச்சரிக்கைப் பெட்டி வீடே அதிர வீரிட்டது. கதிரையில் ஏறித் துவாயால் விசிறுகிறேன், அது நிறுத்துகிற பாடாயில்லை. கீழ்வீட்டுப் பிரிங்மன் அம்மா வீட்டுச் செருப்போடு ஓடி வந்து, ஒன்றும் கேட்காமல் ஜன்னல்களையெல்லாம் அகலத் திறந்தார். ஜெர்மன்காரருக்கு ஜன்னலைத் திறந்து காற்று மாற்றுவது காலைப் பூசை மாதிரி. காற்று வந்தது, பெட்டி வாயை மூடியது, எனக்கும் மூச்சு வந்தது.

அந்த அமைதியில்தான் எனக்கு அது உறைத்தது.

ஒரு பிடி மிளகாய்க்கு என் குசினி இந்தக் கத்துக் கத்துகிறது. அங்கே ஒரு பழைய வண்டி எரிவாயுவை எரித்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. அங்கே எது கத்தும்? புதன்கிழமை தலையிடி இல்லை, சனிக்கிழமை தலையிடி. புதன்கிழமை விசிறி ஓடுகிறது, சனிக்கிழமை ஓடுவதில்லை. வேலையிடத்துத் தீப் பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள்: அரைகுறையாக எரிந்தால் ஒரு வாயு வரும், மணமில்லை, நிறமில்லை, முதலில் தலையிடி, பிறகு சத்தி, பிறகு நித்திரை. அந்த நித்திரையிலிருந்து எழும்பமாட்டார்கள். இதெல்லாம் தெரிந்த நான்தான் பிள்ளைக்கு மிளகாய் சுற்றிக்கொண்டிருந்தேன்.

தர்மிகாவுக்கு ரெலிபோன் அடித்தேன், எடுக்கவில்லை. உடுப்பு மாற்றுகிற அறையில் பைக்குள் கிடக்கும். கமலநாயகி அக்கா எடுக்கவில்லை. சோதிலிங்கம் அண்ணை எடுக்கவில்லை. காரை என் கணவர் தாரகன் வேலைக்குக் கொண்டுபோயிருந்தார். பிரிங்மன் அம்மாவிடம் அரைகுறையாகச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கார்ச் சாவியோடு நின்றார். அதே செருப்புத்தான்.

வழியெல்லாம் சிவப்பு விளக்கு. ஒவ்வொரு விளக்கிலும் நான் மாறி மாறி மூன்று பேருக்கும் அடித்தேன். அவசர நம்பரை அழுத்த மட்டும் கை வரவில்லை. என்ன சொல்வது? எனக்கு ஒரு சந்தேகம் என்றா? பிழையாய்ப் போனால் சனங்கள் என்ன சொல்லும்? அக்கா ஓடித்திரிந்து வாங்கிய நேரத்தை நிரஞ்சனா கெடுத்துப்போட்டாள் என்று கோயில்வரைக்கும் கதை போகும். பெற்ற பிள்ளை அங்கே கிடக்க, எனக்கு வந்த யோசனையைப் பாருங்கள்! பிரிங்மன் அம்மா வீதியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார், "பிள்ளை பெரிதா, வெட்கம் பெரிதா?" அழுத்திவிட்டேன்.

மண்டபத்துக்குள் ஓடி நுழைந்தால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் சுற்றுகிறார்கள், ஆனால் வரிசை குலைந்து, ஆளுக்கொரு பக்கமாக. ஒரு சின்னவன் தடுப்பைப் பிடித்துக் குனிந்து நிற்கிறான். வாங்கில் தாய்மார் போர்வைக்குள் இருந்தபடி நெற்றியைத் தடவுகிறார்கள். நடுவில் தர்மிகா இல்லை.

"தர்மிகா எங்கை? அக்கா, என்ரை பிள்ளை எங்கை?"

"ஏன் பிள்ளை கத்துறாய்? தலை சுத்துது எண்டாள். அந்தா, மூலையிலை இருக்கிறாள்."

தடுப்புக்கு இந்தப் பக்கம், தரையில், சுவரில் சாய்ந்து கிடந்தாள். முகம் வெளிறியிருந்தது. நான் தோளைப் பிடித்து உலுப்பினேன்.

"அம்மா, விடுங்கோ. நித்திரை வருது."

நித்திரை என்ற சொல்லைக் கேட்டதும் துள்ளி எழும்பினேன். என் உடம்பில் எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியாது.

"எல்லாரும் வெளியாலை போங்கோ! சப்பாத்தைக் கழட்டவேண்டாம், உடுப்பு எடுக்கவேண்டாம். பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு போங்கோ! கதவுகளைத் திறந்து விடுங்கோ!"

"வெளியிலை சரியான குளிர், பிள்ளையள் வேர்த்துப்போய் நிக்குதுகள்..." என்றார் அக்கா.

"காத்திலை நஞ்சு, அக்கா! குளிருக்குப் பிள்ளையள் சாகாதுகள். இஞ்சை இருந்தால் எல்லாம் செத்துப்போகும்!"

அக்காவிடம் இதுவரை யாரும் அப்படிக் கத்தியதில்லை. ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு போர்வையை உதறிவிட்டு, சத்தி எடுத்துக்கொண்டிருந்த சின்னவனைத் தூக்கித் தோளில் போட்டார். நான் தர்மிகாவைக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தேன். சப்பாத்தின் கத்தி தரையில் கிரீச்சிட்டது. பிரிங்மன் அம்மா மறுபக்கம் பிடித்தார். வெளியில் புல்லில் கிடத்தி, கன்னத்தில் தட்டித் தட்டி, நித்திரை கொள்ளாதே, நித்திரை கொள்ளாதே என்று அழுதேன். எங்கள் கோயில் காமாட்சி அம்மாளைக் கூப்பிட்டேன். இவள் கண் திறந்து "அம்மா, அடிக்காதேங்கோ" என்றபோது இன்னும் அழுதேன்.

தீயணைப்புக்காரர் வந்தார்கள். அவர்களுடைய மார்பில் தொங்கிய, வாயுவை அளக்கிற சின்னப் பெட்டி வாசலைத் தாண்டும்போதே கத்தத் தொடங்கியது. என் குசினியில் கேட்ட அதே வீரிடல். மூச்சுக் கவசத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

"சோதிலிங்கம் எங்கை?" என்று அக்கா கேட்டார்.

வண்டி நிறுத்துகிற கொட்டிலில், எஞ்சின் ஓட, ஸ்டியரிங்கில் தலை கவிழ்ந்து கிடந்தாராம். குளிர் பிள்ளைகளின் பக்கம் வராமல் கொட்டிலின் வெளிக்கதவையும் பூட்டி வைத்திருக்கிறார். அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவருடைய ஜாக்கெட் பையிலிருந்து பனடோல் மாத்திரை அட்டை ஒன்று விழுந்தது. பாதி முடிந்திருந்தது. அவருக்கும் சனிக்கிழமைகளில் தலையிடித்திருக்கிறது. யாரிடமும் வாய் திறக்கவில்லை, பாவம் மனுசன்.

பிள்ளைகளுக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் மூக்கில் ஒட்சிசன் பிடித்தார்கள். தர்மிகா தப்பினாள். எல்லோரும் தப்பினார்கள். சோதிலிங்கம் அண்ணையை வேறு நகரத்துக்குக் கொண்டுபோய் ஒட்சிசன் நிறைத்த அழுத்த அறைக்குள் வைத்தார்கள், தேறிவர நாளெடுத்தது. கமலநாயகி அக்கா கட்டிலடிக்கு வந்து தர்மிகாவின் காலைத் தடவிக்கொண்டு நின்றார்.

"என்னாலைதானே, நிரஞ்சனா?"

நான் நல்லவளாயிருந்தால் இல்லை அக்கா என்றிருப்பேன்.

"ஓம் அக்கா," என்றேன்.

மண்டபத்தை மூடிவிட்டார்கள். விழாவில் பிள்ளைகள் ஆடவில்லை. அடுத்த குளிர்காலத்துக்கு மறுபடி திறந்தபோது பழைய வண்டி போய் பட்டரியில் ஓடுகிற வண்டி வந்திருந்தது. கொட்டிலுக்குத் தனிக் காற்றுக் குழாய் போட்டிருந்தார்கள். விசிறிச் சுவிச்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வேலை செய்கிறவரிடம் கொடுத்திருந்தார்கள். ஐஸின் ஓரத்தில் பிள்ளைகளின் முகம் நிற்கிற உயரத்தில் காற்றை அளக்கிற பெட்டிகள், சிவப்பு எழுத்தில் எண் காட்டும். எல்லாம் சரி என்று கடிதம் வந்தது. கடிதத்தை வைத்து நான் என்ன செய்ய? தர்மிகா நாள் முழுக்கக் கெஞ்சினாள், தாரகனும் சேர்ந்து கெஞ்சினார். விட்டேன். விட்டேனே தவிர, முதல் சனிக்கிழமை அந்தப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றவள் நின்றவள்தான். எண் பூச்சியம். கண்ணை எடுத்தால் ஏறிவிடும் என்று பயம். பின்னால் பிள்ளைகள் கூவுகிறது கேட்கிறது, திரும்ப முடியவில்லை.

விசிறி ஓடியது. குளிரென்றால் குளிர், எலும்பு வரைக்கும் போகிற குளிர். கமலநாயகி அக்கா போர்வைக்குள் ஒடுங்கி, பல் கிட்ட, ஒரு சொல்லும் பேசாமல் இருந்தார். வேலைக்குத் திரும்பியிருந்த சோதிலிங்கம் அண்ணை தடுப்படியில் நின்றார், மெலிந்துபோயிருந்தார்.

அப்போது பிரபாலினி என்று புதிதாக வந்த ஒரு தாய், கைக்குழந்தையோடு அவரிடம் போனாள்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. பச்சைப்பிள்ளை நடுங்குது. அந்த ஃபானைக் கொஞ்ச நேரத்துக்கு நிப்பாட்டுவீங்களோ?"

அண்ணையின் கை, பழகின கை, சாவி இருந்த பைக்குள் போயேவிட்டது. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். முகம் எப்போதும்போல இளகிக்கொண்டு வந்தது. இப்போது ஓம் என்பார், நான் பாய்ந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு போகவேண்டியதுதான் என்று காலை எடுத்து வைத்தேன்.

"ஏலாது, தங்கச்சி," என்றார்.

குரல் நடுங்கியது. ஆனால் சொன்னார். கையை வெறுமையாக வெளியே எடுத்தார்.

பிரபாலினியின் முகம் சுருங்கிப்போயிற்று. கமலநாயகி அக்கா எழும்பி வந்து, தன் போர்வையைக் கழற்றிக் குழந்தையைச் சுற்றினார். பிறகு காற்று உள்ளே புகுகிற கதவிடுக்குக்கு நேரே கிடந்த வாங்கில் வெறும் ஸ்வெட்டரோடு போய் இருந்தார்.

"காத்து வரட்டும் பிள்ளை. அது வரவேணும்," என்றார்.

நான் அந்தப் பெட்டியை விட்டுத் திரும்பினேன். நடுவில் தர்மிகா சுழன்றுகொண்டிருந்தாள்.