தீர்த்தத் தொட்டியில் பச்சை

உலகத்தின் பசியைப் பாசியால் தீர்த்துவிடலாம் என்று எட்மண்ட் மனதார நம்பினான். அந்தப் பாசி கலந்த தோசையை ஒருமுறை தின்றுவிட்ட அவன் மனைவி பிரிஜட் நம்பவில்லை.

அது 1984. ஜூரோங் ஆய்வுக்கூடத்தில் ஏர்கான் படுத்துக்கொள்ள, அவன் வளர்த்த பாசி முழுவதும் வெந்து செத்தது. உட்லண்ட்ஸ் வீட்டு வாசலில் ஒரு பேசினில் வைத்திருந்ததுதான் மிச்சம். திங்கட்கிழமை அதிகாரிகள் வருகிறார்கள். உயிருள்ள பாசியைக் காட்டாவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. எட்மண்டுக்கு அப்புறம் சாக்கடைத் தண்ணீரைச் சோதிக்கும் வேலைதான்.

சனிக்கிழமை மாலை வீடு திரும்பியவன், கவிழ்த்துக் காயவைத்திருந்த பேசினைக் கண்டு நின்றுவிட்டான்.

“பிரிஜட்! இதுல இருந்தது எங்க?”

“கழுவி ஊத்திட்டேன். வீடு மந்திரிக்க ஃபாதர் வர்றாருல்ல? அதோட, கொசு பாக்க வர்ற ஆளு கண்டா ஃபைன்லா.”

“அது உலகத்தோட எதிர்காலம்!”

“எதிர்காலம் ரொம்ப நாறுச்சுங்க.”

எட்மண்ட் நாற்காலியில் சரிந்த நேரத்தில் ஃபாதர் சூசைநாதன் வந்துவிட்டார். உள்ளே நுழைந்ததும், வழக்கம்போல், கதவோரம் மாட்டியிருந்த தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்து நெற்றியில் சிலுவை போட்டார். நெற்றியில் பச்சைப் பொட்டு!

“என்னப்பா எட்மண்ட், கோயில்ல வாங்கின தீர்த்தம் இப்படிப் பசேல்னு இருக்கு?”

எட்மண்ட் துள்ளி எழுந்தான். தினமும் காலையில் பேசினைக் கையால் கலக்கிவிட்டு, அதே ஈரவிரலைத் தொட்டியில் விட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவன் அவன்தான். வாசல் வெயில் மீதியைப் பார்த்துக்கொண்டது. ஆய்வுக்கூடத்தில் ‘கையைக் கழுவவும்’ என்று எழுதி ஒட்டியதும் அவனேதான்.

“ஃபாதர், இந்தத் தண்ணி எனக்கு வேணும்.”

“எடுத்துக்கப்பா. ஆனா மந்திரிச்ச தண்ணி. மிச்சத்த சிங்க்ல ஊத்திடாதே, மண்ணுலதான் ஊத்தணும்.”

திங்கட்கிழமை ஜாம் பாட்டிலில் பச்சையைப் பார்த்த அதிகாரிகள் தலையாட்டி, ஒரு வருடம் நீட்டித்தார்கள். பாசி பெருகி ஆய்வுக்கூடத்தில் தொட்டி தொட்டியாக நிறைந்தது. இத்தனை தலைமுறைக்குப் பிறகும் அது தீர்த்தம்தானா? பிரிஜட்டைக் கேட்டான்.

“நீங்க மாசம் மாசம் குளிச்சாலும் எட்மண்ட்தானே? அது மாதிரிதான்.”

எனவே தொட்டிகளின் கழிவுத் தண்ணீரைச் சிங்க்கில் விடாமல் வாளியில் சுமந்து, கட்டடத்தின் பின்னால் இருந்த ஒல்லிப் பப்பாளி மரத்தடியில் ஊற்றலானான். மேலாளர் விஸ்வலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், வழிமறித்தார்.

“என்ன காணும், ஒவ்வொரு நாளும் வாளியும் கையுமாத் திரியிறீர்?”

“உர ஆராய்ச்சி, சார்,” என்று வாயில் வந்ததைச் சொன்னான்.

அடுத்த வருடம் அதிகாரிகள் வந்தார்கள். பாசி பிஸ்கட்டை மரியாதைக்குக்கூடத் தொடவில்லை. காய்த்துக் குலுங்கிய பப்பாளியைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள். “உர ஆராய்ச்சி,” என்றார் விஸ்வலிங்கம். ஆளுக்கு இரண்டு துண்டு தின்றார்கள். உர ஆராய்ச்சிக்கு இன்னும் மூன்று வருடம் கிடைத்தது.

“விஷயகாரன் காணும் நீர்!” என்று விஸ்வலிங்கம் முதுகில் தட்டினார்.

எட்மண்ட் வாளியைக் கீழே வைத்தான். போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். அப்புறம்தான் சிலுவை போட்டுக்கொண்டான்.