பதினான்காம் படிக்கு மேல்

தச்சுவேலை செய்யும் கொழுந்தன் போட்ட மரப்படி பதினான்கு படியோடு நிற்காமல், மொட்டைமாடியை ஒரு முழம் விலகி வானத்தை நோக்கிப் போய்விட்டது. தண்ணீர்த்தொட்டியைப் பார்க்க அதில் ஏறிய அவன் அண்ணனும் கூடவே போய்விட்டார். ஏறியவன் பாதியில் இறங்கினால் தெரு சிரிக்கும் என்பது அவர் கொள்கை. அறுத்துவிடலாம் என்றால் மேலே புருஷன். அவர் மனைவி, ஆஸ்பத்திரி நர்ஸ், இரண்டு வாரம் கூடையில் சோறு கட்டி ஏற்றினாள். பிறகு கயிறு எட்டவில்லை.

"மாடி உயரம் மூணு மீட்டரைப் பதினாலால வகுத்தேன் அண்ணி. கணக்கு முடியல, அதான் படியும் முடியல," என்றான் தச்சன்.

"முடியாத கணக்கைப் போட்டுட்டு நீ மட்டும் எப்படிடா முடிச்சுட்டுச் சாப்பிட வந்தே?"

அவள் வகுத்துப் பார்த்தாலும் புள்ளிக்குப் பின் ஆறே ஆறு எண்கள் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தன. அவள் தலையிலடித்துக்கொண்டு, நோயாளிச் சீட்டுகளின் பின்பக்கம் தோன்றிய எண்களாலெல்லாம் மூன்றை வகுத்தாள். எட்டு நின்றது, பத்து நின்றது, பதினாறும் நின்றது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று எதுவும் அடங்கவில்லை. இரண்டாலும் ஐந்தாலும் மட்டுமே ஆன எண் அடங்கும், வேறெது உள்ளே புகுந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும் என்று எட்டாம் நாள் பிடிபட்டது.

தச்சன் பதினைந்து படி என்றான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பதினஞ்சுக்குள்ள மூணு இருக்கேடா! அதுவும் ஓடிடுமே!"

"பின்னத்துல மேலயும் மூணு இருக்கே அண்ணி. ரெண்டும் அடிபட்டா அஞ்சுல ஒண்ணுதான். இருபது சென்டிமீட்டர், சுத்தமா நிக்கும்."

"இவ்வளவு தெரிஞ்சவன் முதல்லயே சுருக்கிப் பார்த்திருக்கக் கூடாதா?"

அவன் உளியைத் தீட்டப் போய்விட்டான். பழைய படிக்குப் பக்கத்திலேயே புதிய படி எழுந்தது. பதினைந்தாவது பலகை மாடியைத் தொட்டு நின்றது. மாடிக்கு வழி பிறந்துவிட்டது என்று அவள் ஒலிபெருக்கியில் கத்தினாள். இனி இறங்குவதில் மானக்கேடு இல்லையென்று அவரும் திரும்பினார். வந்துசேரப் பத்தொன்பது நாள் ஆயிற்று. தாடி மார்பைத் தொட்டது, கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"தொட்டியில தண்ணி இருக்கா?" என்று கேட்டார்.

"நிரம்பி வழிஞ்சு ஒரு மாசம் ஆச்சு. உக்காருங்க, காலை நீட்டுங்க," என்று சொல்லிக் கட்டுத்துணியைப் பிரித்தவள், முதல் சுற்று சுற்றுவதற்குள் அழுதுவிட்டாள். இரண்டாம் சுற்றில் மறுபடி திட்டத் தொடங்கினாள்.

பழைய படி இன்னும் வளர்கிறது. அதன் கீழ்ப்படிகளில் அவள் சீருடை உலர்த்துகிறாள். விமானங்கள் அந்த இடத்தில் சற்று விலகிப் போகின்றன.