பஸ் டிரைவர் கொடுத்த லிஃப்ட்

பல் டாக்டரை அறங்காவலராக்கியது அவள் அண்ணன். அவளாகக் கேட்டு வாங்கவில்லை. படுத்த படுக்கையானவர்களைப் பராமரிக்கும் அந்த இல்லத்துக்கு அண்ணன் தலைவர், அண்ணி பொருளாளர், அவர்களுடைய மாப்பிள்ளை செயலாளர். கணக்குப் பார்த்துச் 'சரி' என்று எழுதுபவர் மாப்பிள்ளையின் அப்பா. குடும்பமாக நின்று போட்டோ எடுத்தால் அதுதான் நிர்வாகக் குழு. எப்போதாவது ஒரு ஓட்டலில் கூடி, வயிறு முட்டச் சாப்பிட்டு, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைவார்கள். அவளும் போட்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை அண்ணன் போன் செய்தான்.

"லிஃப்டுக்குப் பணம் குடுத்த ரிட்டயர்டு பஸ் டிரைவர் இன்னிக்கு இல்லத்துக்கு வர்றாராம். நான் வெளியூர்ல இருக்கேன். நீ போய் நாலு வார்த்தை பேசி அனுப்பிடு. லிஃப்டைப் பத்திக் கேட்டா ரிப்பேர்னு சொல்லு."

"ரிப்பேரா? எப்பலேர்ந்து?"

"ஊர்ல எல்லார் வாயையும் திறக்கச் சொல்றவ நீ. இங்க மட்டும் உன் வாயை மூடிக்கோ தாயே!" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

இல்லத்தின் வரவேற்பறையில் ஏசி சில்லென்று ஓடியது. சுவரில் ஆளுயரத்துக்கு அண்ணனின் படம். அடுத்த கதவைத் தாண்டியதும் மூத்திர நாற்றம் குப்பென்று அடித்தது. படிக்கட்டில் இரண்டு ஆயாக்கள் ஒரு பெரியவரைப் போர்வையில் வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். திருப்பத்தில் அவர் முழங்கை சுவரில் இடித்தது. அவர் கத்தவில்லை. கூச்சத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்த பஸ் டிரைவர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். படுக்கையாகிவிட்ட மனைவியை, அவள் சாகும்வரை, தோளில் போட்டு மாடி ஏற்றி இறக்கிய மனிதர். வேலைக்காலம் முடிந்து கைக்கு வந்த பணத்தை இன்னொருவருக்கு அந்தப் பாடு வேண்டாமென்று இங்கே கொடுத்திருந்தார்.

"லிஃப்ட் இருக்கே, ஏம்மா தூக்கிட்டு வர்றாங்க?"

'ரிப்பேர்' என்ற சொல் டாக்டரின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள். "எனக்கும் தெரியலைங்க. வாங்க, பார்க்கலாம்" என்றாள்.

லிஃப்ட் கதவில் பூட்டுத் தொங்கியது. மூத்த ஆயா தயங்கியபடி சாவியைக் கொண்டுவந்தாள். "வெறும் கதவுதான் டாக்டர்."

திறந்தார்கள். உள்ளே ஏறி நிற்கும் பெட்டியும் இல்லை, இழுக்கும் கம்பியும் இல்லை. பலகை அடித்து, தரையிலிருந்து உச்சிவரை அட்டைப்பெட்டிகள். எல்லாம் மாப்பிள்ளையின் செருப்புக் கடைச் சரக்கு. டிரைவர் ஒரு பெட்டியைத் திறந்து, மினுமினுத்த குதிகால் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க இருக்கிறவங்க யாரும் நடக்க மாட்டாங்களேம்மா" என்றார்.

மறுநாள் அவசரக் கூட்டம். அதே ஓட்டல், அதே விருந்து.

"பணம் எங்கயும் ஓடிடல. ரொட்டேஷன்ல இருக்கு" என்றான் அண்ணன்.

"மாப்பிள்ளை கடை ரொட்டேஷன்லயா?"

"ராப்பகலா உழைக்கிறோம். கொஞ்சம் அப்படி இப்படி இருக்கத்தான் செய்யும்" என்றாள் அண்ணி. "வெளியாள் முன்னாடி பூட்டைத் திறந்து மானத்தை வாங்கினியே, அதுதான் தப்பு."

அவளை நீக்கும் தீர்மானத்துக்கு எல்லோரும் கை தூக்கினார்கள். வலது கையில் குழம்பு இருந்ததால் அண்ணி இடது கையைத் தூக்கினாள். அந்த வாய்களை, மெல்வதை நிறுத்தாமலே ஆமோதித்த வாய்களை, டாக்டர் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அழுகிய பற்களைப் பார்த்தபோதுகூட அவளுக்கு இப்படி அருவருப்பு வந்ததில்லை.

எழுந்து நேரே டிரைவர் வீட்டுக்குப் போனாள். இருவருமாகச் சேர்ந்து அரசாங்கத்தில் புகார் கொடுத்தார்கள். தான் படிக்காமல் போட்ட கையெழுத்துகளையும் அவள் மறைக்காமல் சொன்னாள். விசாரணை வந்தது. குழுவைக் கலைத்து, இல்லத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் அதிகாரியைப் போட்டார்கள். செருப்புகள் ஒரே நாளில் காலியாயின. போகிற போக்கில் அண்ணன் குடும்பத்தார் ஏசியையும் கழற்றிக்கொண்டு போனார்கள். பணம் திரும்பவில்லை. வழக்கு நடக்கிறது. ஆயாக்கள் இன்னமும் போர்வையில்தான் தூக்குகிறார்கள்.

அம்மா போனில் அழுதாள். "அண்ணன் ஒரு வாரமா சரியாவே சாப்பிடலடி. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா குறைஞ்சா போயிடுவே?"

"அவன் சாப்பிட்ட வரைக்கும் போதும்மா."

அம்மா வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு போன் செய்யவில்லை.