அண்டா கிழித்த தொடை

"உடம்புல இரும்பு ஏதாவது இருக்கா?" எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறை வாசலில் டெக்னீஷியன் கேட்டார்.

"இல்லை." உள்ளே போக நின்ற பெரியவரிடமிருந்து பட்டென்று பதில் வந்தது.

அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். ராணுவ டாக்டராக இருந்து ஓய்வு பெற்றபின், முன்னாள் வீரர்களுக்கான இந்த ஆஸ்பத்திரியில்தான் என் காலைப்பொழுது போகிறது.

பெரியவரின் அங்கி முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. இடது தொடையில் கோணல்மாணலாக ஒரு தழும்பு.

முகம் மறக்கலாம், அந்தத் தையல் மறக்குமா? மலைப்பாதையில் குலுங்கிய லாரிக்குள் நான் போட்டது. என் கையெழுத்தே அதைவிட நேராக இருக்கும்.

கரண்டி! எங்கள் படைப்பிரிவின் சமையல்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் சமையலுக்குப் பயந்தே பாதிப் பேர் காவலுக்குப் பெயர் கொடுத்தார்கள். முன்வரிசைக்குச் சாப்பாடு கொண்டுபோன அன்று பக்கத்தில் குண்டு வெடித்தது. சிதறல்களை எடுத்தேன், ஒன்றைத் தவிர. அது பெரிய ரத்தக்குழாயை ஒட்டி உட்கார்ந்திருந்தது. தொடப் பயந்து அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த இரும்போடுதான் மனிதர் காந்தத்துக்குள் படுக்கப் போகிறார். துண்டு நகர்ந்தால் குழாய் கிழியும்.

"நிறுத்துங்க!"

என்னைப் பார்த்ததும் கரண்டியின் முகம் வெளிறியது. பெஞ்சில் அவர் சட்டையை மடியில் வைத்திருந்த மனைவியைக் கண்ணால் காட்டினார். ஓரமாக இழுத்துப் போனேன்.

"ஏன்யா பொய் சொன்னே? சாகணுமா?"

"மெதுவா சார்! அண்டா சரிஞ்சு கிழிச்சிடுச்சுன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். கல்யாணமான புதுசு. குண்டுன்னா பட்டாளத்துக்குத் திரும்ப அனுப்பியிருக்கவே மாட்டா. முதுகுவலி ஸ்கேன்தானே, தொடையை என்ன பண்ணப் போகுதுன்னு நினைச்சேன்."

பழைய தோழனுக்காக நானும் ஒரு பொய் சொன்னேன். "மெஷின் ரிப்பேர்ம்மா."

"அதுக்கென்ன டாக்டர், அடுத்த தெருவுல ஒரு சென்டர் இருக்கு." அவள் சட்டையை நீட்டினாள். "கிளம்புங்க."

அடுத்த தெருவில் என் தையலை யாருக்குத் தெரியும்?

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றேன்.

தரையைப் பார்த்தபடி கரண்டி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். டெக்னீஷியன் சுத்தமாக இருந்த மேஜையையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அண்டா?"

"அண்டா இல்ல."

"அடப்பாவி மனுஷா! அடுப்பைப் பார்த்தாலே படபடங்குதுன்னு சொன்னீங்களே! ஒரு நாள் வெந்நீர் வைக்க விட்டிருப்பேனா? காய்ச்சல்லகூட நான்தானே எழுந்து சமைச்சேன்!"

கரண்டி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அவள் குனிந்து தழும்பைத் தொட்டாள்.

"இப்போ வலிக்குதா?"

"இல்லம்மா."

"நிக்க முடியுதுல்ல? நாளையிலேருந்து அடுப்படி உங்களுது." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள். "டாக்டர், உயிரையே ரெண்டு தடவை காப்பாத்திட்டீங்க. ஞாயித்துக்கிழமை நீங்க நம்ம வீட்டுல சாப்பிடணும். இவர் கையால."

முதுகுக்குக் காந்தமில்லாத ஸ்கேன் எழுதிக்கொண்டிருந்த என் பேனா நின்றது. குண்டு மழையில்கூட எனக்கு இப்படி வியர்த்ததில்லை.

"ஞாயித்துக்கிழமை டியூட்டி இருக்கேம்மா..."

"அன்னிக்கு நமக்கு லீவு சார்" என்றார் டெக்னீஷியன்.