டேப் ஒட்டிய பொத்தான்

நாற்காலியில் ஒழுங்காக உட்காரத் தெரியாத மனிதரை வைத்துக்கொண்டு ஒரு புத்தகத்தைப் பதிவு செய்வதைவிடக் கொடுமையான வேலை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அதில் போய்ச் சேர்ந்துகொள்கிறேன்.

பேசும் புத்தகங்கள் தயாரிக்கும் ஒலிக்கூடத்தில் பதினெட்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். இந்தத் தத்துவக்காரர் மாதிரி ஒருவரைப் பார்த்ததில்லை. கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவர். மனிதன் கடவுளை எதற்காக உண்டாக்கிக்கொண்டான் என்று நானூறு பக்கம் எழுதி, அதைத் தன் குரலிலேயே வாசிப்பேன் என்று அடம்பிடித்து வந்திருந்தார். வாசிக்கும்போது கால் ஆடும். சட்டைப் பொத்தானைத் திருகுவார். பக்கத்துக்கு இரண்டு முறை எச்சில் விழுங்குவார். மைக்குக்கு இதெல்லாம் இடி மாதிரிக் கேட்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நான் பேசுவது அவர் மாட்டியிருக்கும் ஹெட்போனில் கேட்க வேண்டுமானால் என் மேசையிலிருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். "சார், கால்." "சார், நாற்காலி." "சார், மூச்சு." மூன்றாம் நாளே விரல் வலி எடுத்துவிட்டது. ஒரு துண்டு டேப்பைக் கிழித்து, பொத்தானை அழுத்தியபடியே ஒட்டிவிட்டேன். அவர் வாசிக்கும்போது நான் மூச்சைக்கூடச் சத்தமாக விடமாட்டேன், அதனால் பதிவு கெடாது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்கள் பார்த்திருந்தால் காதைத் திருகியிருப்பார்கள்.

அன்று ஆறாம் நாள், கடைசி அத்தியாயம். எனக்கும் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் அவர் இல்லை, என் அண்ணி.

என் அண்ணன் சரக்குக் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவன். பத்து மாதத்துக்கு முன்னால் புயலில் கப்பல் மூழ்கியது. பதினோரு பேரைக் கரை சேர்த்தார்கள், நான்கு பேர் கிடைக்கவில்லை. அந்த நான்கு பேரில் அவனும் ஒருவன். இனித் தேடுவதற்கில்லை என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். இறந்துவிட்டதாகப் பதிவு செய்ய மனைவியும் உடன்பிறந்தவளும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அண்ணி போட்டுவிட்டார். நான் போடவில்லை. நாளையோடு கெடு முடிகிறது. அந்தக் காகிதத்தில் கை வைத்தால் நானே அவனைத் தண்ணீருக்குள் தள்ளுவது போலிருக்கும். அண்ணி எப்படி இவ்வளவு சீக்கிரம் போட்டார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தத்துவக்காரர் தண்ணீர் குடித்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தார்.

"இருட்டில் விழித்துக்கொண்ட குழந்தை அம்மாவைக் கூப்பிடுகிறது. பதில் வராவிட்டாலும் பேச்சை நிறுத்துவதில்லை. தான் பேசிக்கொண்டிருக்கும்வரை எதிரே ஒருவர் இருக்கிறார் என்று அது நம்புகிறது. வளர்ந்த மனிதனின் பிரார்த்தனையும் இதுவே. பேச்சு நின்றால் அறை காலியாகிவிடுமோ என்ற பயத்தில்தான் அவன் பேசுகிறான். கடவுள் இல்லை என்பது சின்னச் செய்தி. கேட்க ஆளில்லாத அறையில் நாம் எப்படி இருக்கப்போகிறோம் என்பதுதான் நாத்திகம் கேட்கும் கேள்வி."

சாமி, பூதம் எல்லாவற்றையும் பதினைந்து வயதிலேயே தலைமுழுகியவள் நான். இந்த மாதிரிப் புத்தகங்களுக்குத் தலையாட்டிக்கொண்டே பதிவு செய்கிறவள். ஆனால் பத்து மாதமாக ஒரு நாள் தவறாமல் அண்ணனின் எண்ணுக்குக் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். எல்லாமே போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. அன்றைக்குச் செய்தி அனுப்பாவிட்டால் இரவு தூக்கம் பிடிக்காது. யாரோ என் கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டு எழுதியது போலிருந்தது அந்தப் பக்கம். அந்த ஆள் மேல் கோபமாக வந்தது.

கடைசி வரி முடிந்தது. "அவ்வளவுதானே?" என்று எழப்போனார்.

"உக்காருங்க சார். இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். வாசிப்பு முடிந்ததும், வாசித்தவர் அதே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்க, அந்த அறையின் வெறும் மௌனத்தை ஒரு நிமிடம் பதிவு செய்வோம். இருமலையும் எச்சிலையும் வெட்டியெடுத்த ஓட்டைகளை அந்த மௌனத்தை வைத்துத்தான் அடைப்போம். வேறு அறையின் மௌனத்தை ஒட்டினால் காது கண்டுபிடித்துவிடும்.

"ஒரு நிமிஷம் சிலை மாதிரி இருக்கணும். கூரையே இடிஞ்சு விழுந்தாலும் வாயைத் தெறக்காதீங்க."

"ஹெட்போனைக் கழட்டிடவா?"

"ஐயோ, கையைக்கூட அசைக்காதீங்க."

பதிவை ஓடவிட்டேன். என் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். மௌனத்தில் கேட்க என்ன இருக்கிறது? அந்த ஒரு நிமிடத்தில் கைபேசி பார்ப்பது என் வழக்கம். அண்ணியிடமிருந்து புதிதாக ஒரு செய்தி வந்திருந்தது. அதைத் தாண்டி அண்ணனின் எண்ணுக்குப் போனேன். சுவரைப் பார்க்க நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பேசினேன்.

"டேய் அண்ணா, நான்தான். நாளைக்குக் கடைசி நாளாம். நான் போடமாட்டேன்டா. அண்ணி தினமும் ஏதாவது அனுப்பிட்டே இருக்காங்க. நான் எதையும் தெறக்கிறதே இல்ல. தெறந்தா கையெழுத்து, கையெழுத்துன்னு உயிரை வாங்குவாங்க. அவங்களுக்கு என்ன, முடிச்சிட்டுப் போயிடணும். நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லு. என்னைத் திட்டினாக்கூடப் பரவாயில்ல. யாராவது ஏதாவது சொல்லுங்கடா..."

அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

தத்துவக்காரர் சிலையாக உட்கார்ந்திருந்தார். ஆறு நாளாக நான் கத்தியும் நிற்காத கால் நின்றிருந்தது. இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தார், விரல்கள் வெளுத்திருந்தன. கண்கள் என்மேல் இருந்தன. எனக்கு அப்போதுதான் டேப் ஞாபகம் வந்தது.

கையும் களவுமாகப் பிடிபட்டாற்போல் முகம் எரிந்தது. ஒரே இழுப்பில் டேப்பைப் பிய்த்தேன். கதவைத் திறந்துகொண்டு அவரே வெளியே வந்தார்.

"மேடம், நான் வேணும்னு கேக்கல..."

"எல்லாம் கேட்டீங்களா?"

"எல்லாம்."

"அப்போ கையைத் தூக்கிக் காட்டியிருக்கலாமே! மரம் மாதிரி உக்காந்திருந்தா?"

"அசையாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க." சட்டைப் பொத்தானைத் திருகினார். "அதுவும் இல்ல. யாராவது ஏதாவது சொல்லுங்கன்னு நீங்க கேட்டப்போ, உங்க அண்ணன் மாதிரி ஒரு குரல்ல, இருக்கேன்னு சொல்லிடணும்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. சத்தியமா. பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருந்தேன்."

"சொல்லியிருந்தா கண்ணாடியை ஒடைச்சிருப்பேன்."

"தெரியும். ஆனா நான் எழுதினதெல்லாம் கூப்பிடறவனைப் பத்திதான். அவன் பயந்தான், அதனால கடவுளைச் செஞ்சுக்கிட்டான்னு எழுதிட்டேன். பக்கத்துல நின்னு கேட்டவன், தாங்க முடியாம, பதில் சொல்ற மாதிரி ஒரு பொய்யைச் சொல்லியிருப்பான். அவனும் சேர்ந்துதான் கடவுளைச் செஞ்சிருப்பான். நானூறு பக்கத்துல அந்த ஆளைப் பத்தி ஒரு வரிகூட இல்ல."

நான் என் அண்ணனை நினைத்துத் தவித்துக்கொண்டிருக்கிறேன், இவர் புத்தகத்துக்குப் பின்னிணைப்புத் தேடுகிறார். நன்றாக நாலு வார்த்தை கேட்டிருப்பேன், ஆனால் அவர் சட்டைப் பொத்தானை விடவேயில்லை. என்னை ஏறிட்டுப் பார்க்கவும் கூச்சப்பட்டார்.

"மௌனம் கெட்டிருக்கும். போட்டுப் பாக்கிறேன்" என்றேன். அந்த நேரத்தில் வேலையை விட்டால் எனக்குப் பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டேன். அவர் ஹெட்போனிலிருந்து கசிந்து, எறும்பு பேசுவது போல என் குரல் வந்தது. அவர் இழுத்துப் பிடித்த மூச்சும் கூடவே கேட்டது. 'அண்ணி தினமும் ஏதாவது அனுப்பிட்டே இருக்காங்க. நான் எதையும் தெறக்கிறதே இல்ல.' சொல்லும்போது உறைக்காதது கேட்கும்போது உறைத்தது. பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். நான் கத்திக்கொண்டிருந்த எண்ணில் ஆளில்லை. அண்ணி கூப்பிட்டுக்கொண்டிருந்த எண்ணில் ஆள் இருந்தாள். இருந்துகொண்டே வாய் திறக்காமல் இருந்தாள்.

"இன்னொரு தடவை எடுக்கணும் சார்" என்றேன்.

அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். பொத்தானில் இப்போது டேப் இல்லை. கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்தபடி அந்த ஒரு நிமிடத்தைக் கழித்தோம். அவர் ஆடவில்லை. மேசைக்கு அடியில் என் கால்தான் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

நிமிடம் முடிந்தது. அவர் தன் காகிதங்களை எடுத்துக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அண்ணியின் பெயரைத் திறந்தேன். இரண்டு மாதமாகக் கேட்காத செய்திகள் அறுபத்து மூன்று. ஆகப் பழையதிலிருந்து ஆரம்பித்தேன்.

"வாயாடி, நான் அண்ணி பேசறேன்." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவருக்கு நான் வாயாடிதான். "உங்க அண்ணன் வெச்சிட்டுப் போன அலாரம் தினமும் நாலேகாலுக்கு அடிக்குது. நிறுத்தத் தெரியாம இல்ல. நிறுத்தத்தான் மனசு வரல. நீ இதைக் கேக்கமாட்டேன்னு தெரியும். பரவாயில்ல. யார்கிட்டயாவது சொல்லணும்ல, அதான் உன்கிட்ட சொல்றேன்."

அடுத்தது. அதற்கடுத்தது. அலாரம், அவன் செருப்பு, அவன் சட்டையை இஸ்திரி போட்டு மறுபடி அலமாரியில் வைத்தது, கையெழுத்துப் போட்ட அன்று பேருந்தில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனது. அறுபத்து மூன்றில் ஒன்றில்கூட என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்கவில்லை. நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பேசினேன்.

"அண்ணி, நான்தான். எல்லாத்தையும் கேட்டேன். இன்னிக்கு ராத்திரி அங்க வந்து படுத்துக்கிறேன். காலைல நாலேகாலுக்கு ரெண்டு பேருமா எழுந்து அந்த அலாரத்தை நிறுத்துவோம். அப்புறம் சேர்ந்தே ஆபீஸ் போவோம், நான் கையெழுத்துப் போடறேன்."

அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது.