மழையைத் தவிர வேறு காரணம்

பரஞ்சோதி கூலிம் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு திருகாணியை மாற்றினாலும் கையெழுத்து வேண்டும். வீட்டோடு இருக்க வந்த பிறகும் அந்தப் புத்தி அவரை விடவில்லை. போதாக்குறைக்குப் போன வருடம் வீட்டுப் பக்கத்தில் தண்ணீர் வடிய லோங்காங் கால்வாய் வெட்ட வந்த ஒருவன், பாதிக் குழியைத் தோண்டிப் போட்டுவிட்டுக் கம்பி நீட்டிவிட்டான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை பக்கம் போகாது என்பார்கள். இந்தப் பூனை போகும். ஆனால் அடுப்பு முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சுங்கை லாலாங் பக்கம், ரப்பர் மரங்களை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் அவருடையது மூலை வீடு. பக்கவாட்டில் நல்ல அகலமான காலியிடம். என்ன பிரயோசனம், ஒரு மழை பெய்தால் தண்ணீர் வடியாமல் கணுக்கால் அளவு நிற்கும். மகள் நளினிக்குக் கல்யாணம் குறித்தாகிவிட்டது. தாலிகட்டு தாமான் கோயிலில், விருந்து இந்த இடத்தில் கூடாரம் போட்டு. அதற்குள் லோங்காங் வெட்டி, தெருவோரத்துப் பெரிய லோங்காங்கோடு சேர்த்தாக வேண்டும்.

ஆளுக்கு வெளியே அலைய வேண்டிய அவசியமே இல்லை. மனைவி காஞ்சனாவின் தம்பி லோகன், செமிலிங்கில் மண் தோண்டும் சின்ன பேக்ஹோ இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு இதே தொழிலைத்தான் செய்கிறான். நளினியின் தாய்மாமன். அவள் மேல் உயிரையே வைத்திருப்பவன். "மச்சான், இது என் புள்ள கல்யாணம். லோங்காங்க நான் பாத்துக்குறேன்லா" என்று அவனே வந்து நின்றான்.

வேறு யாராக இருந்தாலும் அப்பாடா என்று மூச்சு விட்டிருப்பார்கள். பரஞ்சோதி ஒப்பந்தம் எழுதினார். நீளம், ஆழம், சரிவு, முடிக்க வேண்டிய நாள் எல்லாவற்றையும் பீடோங்கில் ஒரு கடையில் டைப் அடித்துக்கொண்டு வந்தார். கடைசியில் தன் சொந்த மூளையிலிருந்து ஒரு வரியைச் சேர்த்திருந்தார். குறித்த நாளில் முடிக்காவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. மழையைத் தவிர வேறு எந்தக் காரணமும் ஏற்கப்படாது.

காஞ்சனாவின் முகம் செத்துப்போனது. "என்னங்க இது? கூடப்பொறந்தவன்கிட்ட அக்ரிமெண்ட்டா? கேட்டா நாலு பேரு சிரிப்பாங்க."

"சொந்தம் வேற, வேலை வேற. உனக்கு இதெல்லாம் புரியாது."

லோகன் அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் படித்தான். "நான் எங்க மச்சான் ஓடிப் போகப்போறேன்?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. கையெழுத்தைப் போட்டுவிட்டு மண்ணைப் பார்க்கப் போனான்.

வேலை நன்றாகத்தான் தொடங்கியது. அதற்குள் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. பரஞ்சோதியின் சொந்தங்கள் தோட்டத்துக்கு ஒரு குடும்பமாகச் சிதறிக் கிடக்கிறார்கள். வாட்சப்பில் பத்திரிகை அனுப்பினால் தீர்ந்தது, ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வாசல் ஏற வேண்டும், உட்கார வேண்டும், கொடுக்கிற தேத்தண்ணியைக் குடிக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் கதவிடுக்கில் செருகிவிட்டு வரவும் கூடாது. மறுபடியும் போக வேண்டும். பரஞ்சோதிக்கு முட்டிவலி. "என் பக்கத்துக்கெல்லாம் உன் தம்பிய அனுப்பு. மாமன்தானே, அவன் கடமை" என்று காஞ்சனாவிடம் சொன்னார். சொன்னதோடு மறந்தும் போனார். உத்தரவு போட்டே பழகிய மனிதர்களுக்கு, வாயைத் திறந்து சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிட்ட மாதிரி.

அதன் பிறகு லோகன் வேலைக்கு வருவது குறைந்தது. குழி திறந்து கிடந்தது. பேக்ஹோ வாயை மண்ணில் வைத்துக்கொண்டு சும்மா நின்றது. போன் போட்டால், "வந்துடுறேன் மச்சான், ரெண்டே நாளு" என்பான். பின்னால் யார் வீட்டிலோ பேச்சுச் சத்தம் கேட்கும். வேறு வீட்டு வேலையை எடுத்துக்கொண்டான், போன வருடம் ஓடிப்போனவனும் இப்படித்தான் ஆரம்பித்தான் என்று பரஞ்சோதியே முடிவு கட்டினார்.

"அவன் அலைஞ்சுக்கிட்டுதாங்க இருக்கான்" என்று காஞ்சனா வாயெடுத்தாள்.

"அலையட்டும், அலையட்டும். நல்லா அலையட்டும்!" என்று கத்திவிட்டு எழுந்து போனார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

குறித்த நாள் வந்தது. மழையும் இல்லை. பரஞ்சோதி ஒப்பந்தத்தைப் படம் பிடித்தார். கடைசி வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். 'ஒப்பந்தப்படி வேலை உன்னிடமிருந்து எடுக்கப்படுகிறது' என்று எழுதி லோகனுக்கு அனுப்பினார். அதோடு நின்றிருக்கலாம். தொழிற்சாலையில் யாருக்காவது எச்சரிக்கைக் கடிதம் போட்டால் நாலு பேருக்கு நகல் போகும். அந்தப் பழக்கத்தில், குடும்ப வாட்சப் குழுவிலும் அதைப் போட்டார். பெரியம்மா, சித்தப்பா, சம்பந்தி வீட்டார் என்று சகலரும் இருக்கிற குழு அது.

லோகனிடமிருந்து ஒரே பதில்தான் வந்தது. "சரி மச்சான்." சாயங்காலம் வந்து பேக்ஹோவை ஏற்றிக்கொண்டு போனான். சுங்கை பட்டாணியிலிருந்து வந்த ஒரு சீனக் குத்தகைக்காரத் தவுக்கே மீதி வேலையைச் சுத்தமாக முடித்துக் கொடுத்தார். மழை பெய்ததும் தண்ணீர் கடகடவென்று ஓடியது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. பரஞ்சோதி குடையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரைப் பார்த்து மகிழ்ந்தார். காஞ்சனா அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஆறிவிடும் என்று விட்டுவிட்டார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பெரியப்பா மகன் அய்யாவு போன் செய்தார். குடும்பத்தில் மூத்தவர், தோட்டத்திலேயே இருப்பவர்.

"தம்பி, பத்திரிகை வந்துச்சுப்பா. உன் மச்சினன் மூணு தரம் வந்தான். ரெண்டு தரம் நான் வீட்டுல இல்ல. பாவம், மோட்டார் சைக்கிள்ல வெயில்ல காஞ்சுக்கிட்டு. எங்க பக்கம் ஒரு வீடு விடல. லைன் வீட்டு ராக்காயி அக்காவுக்குக் கண்ணு தெரியாதுல்ல, அதுக்குப் பத்திரிகையப் படிச்சே காட்டிட்டுப் போனானாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "குரூப்புல அந்தக் கடுதாசியையும் பாத்தேன். உன் காரியமா அலைஞ்சவனுக்கு நீ அப்படி எழுதியிருக்கக் கூடாது தம்பி. சரி, விடு."

அவர் விடச் சொன்னார். எதை விடுவது? பரஞ்சோதிக்குக் காது இரண்டும் சூடேறியது. உட்கார்ந்திருந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விட்டால் நல்லது என்றிருந்தது. தானே அனுப்பி, தானே மறந்து, தானே தண்டனையும் கொடுத்திருக்கிறார். அதையும் ஊரைக் கூட்டி. குழுவில் போட்டதை அழிக்கப் பார்த்தார். நாளாகிவிட்டதால் அழியவில்லை. எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று காஞ்சனாவிடம் போனார்.

"சொல்ல விட்டீங்களா?"

நளினி அறையிலிருந்து வெளியே வந்தாள். அழுது முடித்த முகம். "ஊருக்கெல்லாம் மாமா பத்திரிகை வச்சாரு. சாமிக்கு அடுத்து மாமாவுக்குத்தான் வைக்கணும். அவருக்கு வச்சீங்களாப்பா? மாமா வந்து நெத்தியில பட்டம் கட்டலன்னா நான் மணவறையில உக்கார மாட்டேன்."

பரஞ்சோதி வைக்கவில்லை. வீட்டு ஆள்தானே, அவனுக்கு எதற்கு என்று நினைத்திருந்தார்.

மறுநாள் காலையில் தட்டை எடுத்துக்கொண்டு காஞ்சனாவும் அவரும் செமிலிங்குக்குப் போனார்கள். லோகன் எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கினான். அவன் மனைவி பிரேமாவதி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஒரு மரியாதையும் குறையவில்லை. அவன் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரஞ்சோதிக்குக் கொஞ்சம் சோறு இறங்கியிருக்கும்.

"பத்திரிகை வைக்கத்தான் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, லோகா."

"மழையைத் தவிர எந்தக் காரணமும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே மச்சான் எழுதியிருந்தீங்க. கையெழுத்துப் போட்டுட்டு எப்படிச் சொல்றது?"

குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். மன்னித்துவிடு என்கிற சொல் பரஞ்சோதியின் நாக்கு நுனி வரை வந்தது. "தெரியாம நடந்துபோச்சுப்பா" என்பதுதான் வெளியே வந்தது.

பிரேமாவதி டம்ளர்களை எடுக்க வந்தாள். "ஊரே பாக்கப் போட்டீங்க. இப்ப யாரும் பாக்காதப்ப வந்து நிக்கிறீங்களேண்ணே" என்றாள்.

"சும்மா இரு" என்று லோகன் அவளை அடக்கினான். "நான் வர்றேன் மச்சான். என் புள்ளைக்கு நான்தான் செய்யணும்."

வீடு திரும்பியதும் பரஞ்சோதி குழுவைத் திறந்தார். 'லோகன் மேல் தவறில்லை, தவறு என்னுடையது' என்று எழுதினார். சம்பந்தி என்ன நினைப்பார் என்று யோசித்தார். அழித்தார். மறுபடி எழுதி, மறுபடி அழித்தார். கல்யாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தார். அப்படிக் கவிழ்த்து வைத்த தன் கையைப் பார்க்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தும் எழுதவில்லை.

லோகன் சொன்னபடி விடிவதற்குள் கோயிலுக்கு வந்துவிட்டான். சீர்த்தட்டில் ஒன்று குறையவில்லை. நளினியின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தான். பட்டம் கட்டும்போது அவன் கண் கலங்கியது, அவளும் அழுதாள். தாலி ஏறியது. பொண்ணு மாப்பிள்ளையை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டான்.

கூடாரத்தில் முதல் பந்தி உட்கார்ந்தது. மாமனுக்கென்று முதல் இலையைப் பரஞ்சோதி தன் கையாலேயே போட்டு வைத்திருந்தார். ஆளைக் காணோம். தெருவுக்கு வந்து பார்த்தார். பிரேமாவதியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு லோகன் மோட்டாரை முடுக்கிக்கொண்டிருந்தான்.

முட்டிவலியையும் மறந்து ஓடினார். "லோகா! கை நனைக்காம போறியே. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போப்பா."

லோகன் தலைக்கவசத்தை மாட்டினான். "என் வேலை முடிஞ்சிருச்சு மச்சான்" என்றான். வண்டி தாமான் முனையில் திரும்பிப் போய்விட்டது.

பரஞ்சோதி கூடாரத்துக்குத் திரும்பினார். பந்தியில் உட்கார்ந்திருந்த அய்யாவு, பக்கத்தில் ஆளில்லாத இலையைப் பார்த்துவிட்டு உரக்கக் கேட்டார்.

"எங்கப்பா தாய்மாமன்? சாப்பிட்டானா?"

வரிசை முழுக்கத் தலையைத் தூக்கிப் பார்த்தது. சம்பந்தியும் பார்த்தார். எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். தவறு தன்னுடையது என்று சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று பரஞ்சோதிக்கே தெரிந்தது.

"சாப்பிட்டுட்டுத்தான் போனான்ணே. அவசர வேலையாம்" என்றார்.

பின்னால் சாம்பார் வாளியோடு காஞ்சனா நின்றிருந்தாள். வாளியை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.