சூரியனைப் பார்த்து நாள் குறித்தவள்

...மேகம் மட்டும் இல்லாமலிருந்தால் போதும், மற்றதைச் சூரியன் பார்த்துக்கொள்ளும் என்று எத்தனை முறை தனக்குள் சொல்லிக்கொண்டாள், இப்போது மேகமே இல்லை, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வானம், நட்சத்திரங்கள் அத்தனையும் வந்து உட்கார்ந்தாயிற்று, வர வேண்டியது மட்டும் வரவில்லை. எய்ரின் காரின் முன்கண்ணாடியைக் கையுறையால் துடைத்தாள். மாலை ஆறு மணிதான் ஆகிறது, ஆனால் டிசம்பரில் வடகோடியில் இருக்கும் இந்தத் தீவில் ஆறு மணியும் நள்ளிரவும் ஒரே நிறம். பக்கத்து இருக்கையில் அக்கா குன்வோர் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைக் கடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிந்தால் அவளுக்கு விமானம், அங்கிருந்து நேரே நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை, கிறிஸ்துமஸ் அன்றும் அங்கேதான் சமையல். கிறிஸ்துமஸுக்கு விடுப்பு இருந்தது அவளுக்கு, அதை உடன் வேலை பார்ப்பவளுக்குக் கொடுத்துவிட்டு இந்த வாரத்தை மாற்றி வாங்கியிருக்கிறாள்... எதற்காக? இரவு வானத்தில் பச்சையாக ஆடும் துருவ ஒளி இந்த வாரம் வரும் என்று தங்கை நாள் குறித்துக் கொடுத்ததற்காக. இதற்கு முன் மூன்று முறை வந்து மூன்று முறையும் மழையையும் பனியையும் பார்த்துவிட்டுப் போனவள். "மூணு தடவையும் உன் கார் வைப்பரைத்தான்டி பார்த்தேன். அதுவும் நல்லாத்தான் ஆடுச்சு," என்று காலையில்கூடச் சிரித்தாள். இன்றும் பொய்த்தால்? கித்தாரைப் பாதியில் விட்டவள், படகு ஓட்டப் போய்ப் பாதியில் திரும்பியவள், மாலை வகுப்பில் வானவியல் படித்துச் சொன்ன முதல் கணக்கும் பாதியில் போயிற்று என்றாகிவிடும். அக்கா வாய்விட்டுச் சொல்லமாட்டாள், சிரிப்பாள், அது இன்னும் மோசம்.

ஆனால் கணக்கில் எங்கே பிழை? முதலிலிருந்து பார்ப்போம். போன மாதம் சூரியனின் முகத்தில் ஒரு கரிய திட்டைப் படத்தில் பார்த்தாள், வகுப்பில் சொல்லித் தந்தது போலவே, கதவைச் சாத்த மறந்த வீடு மாதிரி அந்த இடத்திலிருந்து மட்டும் காற்று வேகமாகப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். சூரியனும் தன்னைத்தானே சுற்றுகிறது, இருபத்தேழு நாளில் அதே திட்டு மறுபடி நமக்கு நேரே வரும், அங்கிருந்து கிளம்பும் காற்று நம்மிடம் வந்து சேர மூன்று நான்கு நாள், இரண்டையும் கூட்டினால் இந்த வாரம், அதற்குள் திட்டு மூடிக்கொள்ளாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது மூடிக்கொள்ளவில்லை. சொன்ன நாளில் வந்து நின்றது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது, யாரும் கூப்பிடாமல், யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாமல், அத்தனை பெரிய நெருப்பு குறித்த நாளுக்குத் திரும்பி வருகிறது! நவம்பர் கடைசியிலிருந்து இந்த ஊருக்கு முகம் காட்டாத சூரியன், ஜனவரி வரை காட்டாது, ஆனாலும் கொல்லைப்புறமாக ஒன்றை அனுப்பி வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. "சூரியனே இல்லாத ஊர்ல உக்காந்து சூரியனைப் படிக்கிறியே, உன்னை என்னன்னு சொல்றது," என்பாள் அக்கா. இங்கே பார்க்க முடியாததால்தானோ என்னவோ... நான்கு நாள் முன்பு, தான் வேலை பார்க்கும் பாலர் பள்ளியில் குழந்தைகளுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நம்பிக்கை போய், 'வராதே அக்கா' என்று தட்டச்சுச் செய்து, அனுப்பாமல் அழித்தாள். அந்த நேரத்தில் காற்று சூரியனிலிருந்து புறப்பட்டாகிவிட்டது. இவள் அழித்ததோ எழுதியதோ அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

கைப்பேசியைத் திறந்தாள். பூமிக்கு முன்னால் காவல் நிற்கும் செயற்கைக்கோள்தான் கடைசியாகச் சொல்லும், அது சொன்னால் காற்று இங்கே வந்து சேர முக்கால் மணி நேரம், சில சமயம் அதுவும் இல்லை. காற்று வேகம், அம்மாடி, எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ அதிகம். காற்றோடு வரும் காந்தப்புலம் தெற்கே திரும்பினால்தான் பூமி அதற்குக் கதவு திறக்கும், திரும்பியிருக்கிறது, நன்றாகவே திரும்பியிருக்கிறது. எல்லாம் இருக்கிறது. அப்படியானால் வானத்தில் ஏன் இல்லை? கடலுக்கு மேலே, வடக்கே, கருப்பு. வடக்கு பார்த்த கடற்கரையாகத் தேடித்தானே இங்கே வந்து நிறுத்தினாள்...

அக்காவின் கைப்பேசி அடித்தது. அவள் பார்த்தாள், அடித்து ஓயட்டும் என்று மடியில் கவிழ்த்தாள். மறுபடி அடித்தது. அத்தான் கோரெதான், நாட்டின் தென்கோடியில் ஸ்டவாங்கரிலிருந்து. "எடு அக்கா." "எடுத்தா என்ன சொல்லப் போறார், பாத்திரம் கழுவுற மிஷின் ஓடலைம்பார்." எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள். "குன்வோர், எங்க இருக்க? இங்க நம்ம மாடியில நிக்கிறேன், வானம் சிவப்பா பச்சையா ஆடுது, தெருவே வெளிய நிக்குது!" அக்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். "கேட்டியாடி? ரெண்டு விமானம் மாறி வந்து நான் இங்க உக்காந்திருக்கேன், அது என் வீட்டு மாடிக்குப் போயிருக்கு. சரி கோரெ, வச்சிடறேன்." அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை.

ஸ்டவாங்கரில்... அவ்வளவு தெற்கே... அத்தான் அதைப் பார்த்தது தன் வடக்கு வானத்தில்... எய்ரினுக்கு முகம் சூடாகியது. வளையம்! துருவத்தைச் சுற்றிக் கிடக்கும் ஒளி வளையம், காற்று பலமாக அடித்தால் விரிந்து தெற்கே இறங்கும், இதை வகுப்பில் படமே வரைந்தாளே, சாதாரண நாளில் தலைக்கு மேலே இருப்பது இன்று நம்மைத் தாண்டிப் போய்விட்டது. இங்கே பிறந்தவர்கள் எந்தப் பக்கம் என்று பார்ப்பதில்லை, ஸ்டவாங்கரில் பிறந்தவளுக்குத்தான் துருவ ஒளி என்றால் வடக்கு என்று கழுத்திலேயே எழுதியிருக்கிறது. ஏழு வருஷமாக இங்கே இருந்தும். தெற்கே இருக்கும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கார் நிற்கிறது, வருவதோ மலைக்குப் பின்னால்!

"அக்கா, இறங்கு, இறங்கு, நாம தப்பான பக்கம் பாத்துக்கிட்டிருக்கோம்!" பனியில் சறுக்கிச் சறுக்கி நீர்விளிம்பு வரை ஓடினார்கள், மலையிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு, பிறகு திரும்பினார்கள். மலையின் முகடு முழுவதும் பச்சை விளிம்பு கட்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது முகட்டைத் தாண்டி வழிந்தது, நிமிர்ந்தது, அடியில் இளஞ்சிவப்பு ஓட, யாரோ உதறிய துணி போல அரை வானம் விரிந்தது, பனி பச்சையானது, அக்காவின் முகம் பச்சையானது. சொன்ன நாள். சொன்ன நாள்! "அடியே... நிஜமாவே கணக்குப் போட்டுத்தான் வரவழைச்சியா?" சிரிப்பு இல்லை அந்தக் குரலில். இதற்காகத்தானே இத்தனை செவ்வாய்க்கிழமை மாலை வகுப்புகள். "உன் கிறிஸ்துமஸே போச்சே அக்கா எனக்காக," என்றாள் எய்ரின். அக்கா கண்ணை எடுக்காமலே சொன்னாள், "உனக்காக இல்லடி. நீ நாள் சொன்னது நவம்பர்ல. நான் அக்டோபர்லயே கேட்டு லீவை மாத்திக்கிட்டேன். இந்த வாரம் என் கையில சும்மா இருந்துச்சு."

சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினாள். எய்ரின் பதறி அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள், பாலர் பள்ளிக் குழந்தைகள் அவளை அப்படித்தான் தடுப்பார்கள், அவர்களுடைய பழக்கம் எப்போது தன் கைக்கு வந்தது? "கை காட்டாத அக்கா, அந்த ஒளி வந்து தூக்கிக்கிட்டுப் போயிடும்பாங்க." "போகட்டுமே," என்றாள் குன்வோர். விளையாட்டாகத்தான் சொன்னாள்... விளையாட்டாகத்தானா? கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்க வேண்டாம் என்று அக்டோபரிலேயே... அப்போது எய்ரின் சூரியனின் அந்தத் திட்டைப் பார்த்திருக்கக்கூட இல்லை. பூமிக்கு முன்னால் காவல் நிற்க ஒன்று இருக்கிறது, முக்கால் மணி நேரமாவது முன்னால் சொல்ல, அக்கா வீட்டுக்கு முன்னால் அப்படி எதுவும் நிற்கவில்லை... மேலே ஒளி இடம் மாறி ஆடிக்கொண்டிருந்தது, அக்கா வாயைத் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், எய்ரின் பிடித்த கையை விடவில்லை.